பட்டாணிக்கு நான் ஆட்டிய வயிறு

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவின் சமூகத்துக்கு, லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தம்பி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

உன் மருமகள், அதான் என் மகள், ஆய்வுக்கூடத்தில் என்னதான் செய்கிறாள் என்று கேட்டிருந்தாயே, நேற்று கண்ணால் பார்த்துவிட்டேன், திறந்த வாய் இன்னும் மூடவில்லை. பட்டாணிப் புரதத்தைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக வெட்டி வைத்திருக்கிறாள். உடம்பின் அணுக்களைத் துருப்பிடிக்காமல் காக்கிற சக்தி அவற்றுக்கு உண்டாம். விழுங்கியபின் வயிறு அந்தச் சக்தியை விட்டுவைக்குமா என்பதுதான் அவளுடைய இரண்டு வருடக் கேள்வி. அதற்காகக் குடுவையில் அமிலமும் செரிமான நொதியும் ஊற்றி ஒரு வயிறே செய்திருக்கிறாள் அக்கா! வயிறென்றால் குலுங்க வேண்டுமே, குலுக்கும் இயந்திரம் திக்குகிறது, நாளைக்குள் பேராசிரியருக்கு முடிவு சொல்ல வேண்டும் என்று போனில் அழுதாள். எத்தனை லிஃப்ட் மோட்டார் பார்த்த கை என்று ஸ்க்ரூ டிரைவரோடு போய்க் கழற்றினேன். முனகிக்கொண்டிருந்த மோட்டார் ஒரேயடியாக உயிரை விட்டது.

"ரிப்பேர் பண்ண வந்தீங்களா, அடக்கம் பண்ண வந்தீங்களாப்பா?"

வேறு வழி? ஆளுக்கொரு குடுவையை வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்துக் கையாலேயே ஆட்டினோம். இரண்டு மணி நேரம் இரைப்பை. பிறகு தன் குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊதாச் சாயத்தில் விட்டாள். சக்தி இருந்தால் ஊதா வெளுக்குமாம். செரிக்கும் முன் வெளுத்த அளவுகூட வெளுக்கவில்லை.

"போச்சுப்பா" என்று ஸ்டூலில் சரிந்தாள்.

"குடல் பாக்கி இருக்குல்ல? எந்திரிம்மா."

இன்னும் இரண்டு மணி நேரம். என் தோள்பட்டை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. மறுபடி சாயத்தில் விட்டாள். ஊதா மெல்ல மெல்ல வெளிறி, இளமஞ்சளாகிவிட்டது! குடல் அந்தத் துணுக்குகளை இன்னும் பொடியாக நறுக்க, உள்ளே அடைபட்டிருந்த சக்தி வெளியே வந்துவிட்டதாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அறுபத்து மூன்று வருடமாகச் சாப்பிட்டு ஏப்பம் விட்டேனே தவிர, உள்ளே இப்பேர்ப்பட்ட வேலை நடக்குதுன்னு ஒரு நாளாவது நினைச்சிருப்பேனா அக்கா? அதையே என் கையால் நடத்தியும் காட்டிவிட்டேன்.

அத்தானுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. நீயும் நன்றாக மென்று சாப்பிடு.

என்றும் உன்
தம்பி

பி.கு.: கடிதத்தைப் படித்த மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் ஆட்டிய குடுவையில் பட்டாணியே இல்லையாம், வெறும் அமிலமும் நொதியும்தானாம்!

"மோட்டாரைப் பாத்தபிறகும் பட்டாணியை உங்ககிட்ட குடுப்பேனா?"

"அப்புறம் எதுக்கும்மா நாலு மணி நேரம் ஆட்டவிட்ட?"

"நீங்க போனபிறகு உங்க குடுவையில இருந்தும் எடுத்துச் சாயத்துல விட்டேன், அப்படியே ஊதாவா நின்னுச்சுப்பா. அதனாலதான் என்னோடது பட்டாணியால வெளுத்துச்சுன்னு சொல்ல முடியுது. நீங்க ஆட்டலைன்னா என் முடிவை யாரும் நம்ப மாட்டாங்க."

அக்கா, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றுமே நடக்காதபடி ஒரு வேலையைச் சரியாகச் செய்திருக்கிறேன்.