முழங்காலுக்கு முந்நூறு ஆதரவாளர்கள்

"உங்கள் இணையக் குழுவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் உரையாடுகிறார்கள்?"

விண்ணப்பத்தின் ஒன்பதாவது கேள்வியில் நர்ஸம்மாவின் விரல் நின்றுவிட்டது. முதல் எட்டுக்கும் மூச்சுவிடாமல் பதில் எழுதியாயிற்று. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் தொடங்கிய சங்கம் அது. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் கொடுப்பது. குணமானதும் திரும்ப வாங்கிக்கொள்வது. அவ்வளவுதான் சங்கம்.

கார் ஷெட்டில் பதினான்கு நாற்காலிகள் சும்மா கிடந்தன. கேட்க ஆளில்லாமல் அல்ல. கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி இல்லாமல். ஊரின் மறுகோடியில் ஒரு பேக்கரிக்காரரின் மனைவி இரண்டு மாதமாக வாசலுக்கு வெளியே கால் வைக்கவில்லை. அவருக்கு வேண்டியது மடக்க முடியாத பெரிய நாற்காலி. துடைத்துத் தயாராக இருந்தது. ஆனால் எந்த டாக்ஸியும் அதை ஏற்றாது.

இந்த நேரத்தில்தான் ஓர் அறக்கட்டளை போட்டி அறிவித்தது. இணையத்தில் சுறுசுறுப்பான குழு வைத்திருக்கும் தொண்டு நிறுவனத்துக்குச் சாய்தளம் பொருத்திய வேன் ஒன்று பரிசு. குழுவில் முந்நூறு பேராவது இருக்க வேண்டும். மூன்று வாரம் பேச்சு ஓயக்கூடாது.

"நம்ம குழுவுல எத்தனை பேரு?" என்றார் வீட்டுக்காரர்.

"இருபத்தாறு. அதுல பத்தொன்பது பேரு காலையில பூப்படம் போட்டு வணக்கம் சொல்லிட்டுப் போயிடுவாங்க."

"மீதி ஏழு?"

"அதுக்கும் வர்றதில்ல."

வீட்டுக்காரர் தபால் நிலையத்தில் முப்பது வருஷம் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவர். சொந்தமாக நாலு வரி எழுத வாய்ப்புக் கிடைக்காத ஏக்கம் உள்ளுக்குள் இருந்திருக்கும் போல.

"பேச்ச ஆரம்பிச்சு வைக்க ஒரு ஆள் போதும். நான் வேற பேர்ல உள்ள வரேன். புகார் சொன்னாத்தான் ஜனங்க வாயத் திறப்பாங்க."

"பொய் சொல்லணுமா?"

"ஒரே ஒரு பொய். சின்னது."

அன்று மாலையே 'முழங்கால்' என்ற பெயரில் ஒரு புதிய உறுப்பினர் தோன்றினார். "உங்கள் நாற்காலி கிரீச் கிரீச் என்கிறது. நான் வருவது தெருமுனைக்கே கேட்கிறது. இதுதான் சேவையா?" என்று ஒரே போடாகப் போட்டார்.

யாரும் மூச்சு விடவில்லை. இரண்டு பேர் பூப்படம் போட்டார்கள்.

பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று நர்ஸம்மா நாத்தனாரைப் பிடித்தார். நாத்தனார் 'கைத்தடி' என்ற பெயரில் வந்து சங்கத்துக்குப் பரிந்து பேசினார். முதல் நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் கைத்தடி, "ஓசியில் வாங்கியதற்கு நொட்டை சொல்லும் புத்தி உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு" என்று எழுதினார். முழங்கால், "அப்பாவின் கைக்கடிகாரத்தை உடைத்துவிட்டு என் மேல் பழி போட்டவர்கள் புத்தியைப் பற்றிப் பேசக்கூடாது" என்று பதில் கொடுத்தார்.

நர்ஸம்மா அலறிக்கொண்டு இரண்டையும் அழித்தார்.

"நாற்காலியப் பத்தி மட்டும் சண்ட போடுங்கன்னுதானே சொன்னேன்!"

"அவதான் ஆரம்பிச்சா" என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணி, கடிகாரத்த உடைச்சது அண்ணன்தான்" என்றது தொலைபேசி.

ஆனால் சண்டைக்கு வேலை செய்யும் குணம் இருந்தது. மூன்றாம் நாள் குழுவில் அறுபது பேர். வார முடிவில் இருநூறு. பத்தாம் நாள் முந்நூற்று நாற்பது. பாதிப் பேர் முழங்கால் கட்சி, மீதி கைத்தடி கட்சி. நர்ஸம்மாவுக்கு முதலில் உச்சி குளிர்ந்தது. பிறகு பயம் பிடித்தது. முன்பின் தெரியாத இத்தனை பேர் ஒரு பொய்யை நம்பி அடித்துக்கொள்கிறார்களே!

சண்டையை முடித்துவைக்க, "நாற்காலி சரிசெய்யப்பட்டது" என்று சங்கத்தின் சார்பில் அறிவித்தார். உடனே, "முதலில் அது கிரீச்சிட்டதா? சத்தத்தைப் போடுங்கள்" என்று கைத்தடி கட்சி பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் குளியலறைக் கதவை ஆட்டிப் பதிவு செய்து போட்டார். ஐந்தாவது நிமிடம் ஒரு தச்சர் எழுதினார்: "இது நாற்காலி இல்லை, கதவுக் கீல்."

'முழங்கால் ஒரு பொய்யர்' என்று ஒரு கூச்சல். 'நோயாளியை அவமதிக்காதே' என்று எதிர்க்கூச்சல். அதை அடக்க, வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளால் முகத்தை மறைத்தபடி ஒரு படம் போட்டார். அனுதாபம் கரைபுரண்டது. மறுநாள் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது: "சங்கத்தைப் பார்வையிட வருகிறோம். முழங்கால் அவர்களையும் சந்திக்க விரும்புகிறோம்."

"மாட்டிக்கிட்டோம்" என்றார் நர்ஸம்மா.

"நான் உக்காந்துக்கிறேன். வேற என்ன? உக்கார எனக்குத் தெரியாதா?"

சொன்ன நாளில் அறக்கட்டளையின் அதிகாரி டிரைவரோடு வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கண்ணுக்குக் கீழே கருவளையம். முன்னறையில் வீட்டுக்காரர் மடியில் போர்வையோடு நாற்காலியில் இருந்தார். அதிகாரி உட்கார இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். இருந்த நாற்காலிகளில் எல்லாம் சங்கத்துக் காகிதங்கள்.

"அடடா, எவ்வளவு நேரமா நிக்கறீங்க! இதுல உக்காருங்க சார்" என்று வீட்டுக்காரர் துள்ளி எழுந்து, போர்வையை உதறி, சக்கர நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்காரர் தன் இரண்டு கால்களையும் யாருடையதோ என்பது போலக் குனிந்து பார்த்தார்.

நர்ஸம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மன்னிச்சிடுங்க சார். முழங்கால் இவர்தான். கைத்தடி என் நாத்தனார். எல்லாம் நாங்க கட்டின நாடகம். வேன் வேணாம். பரிசுப் பட்டியல்ல இருந்து எங்கள எடுத்துடுங்க."

அதிகாரி திடுக்கிட்டார். "மொத்தம் எத்தன கணக்கு?"

"ரெண்டு."

"ரெண்டே ரெண்டா?" அவர் நர்ஸம்மாவை ஏதோ அபூர்வப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நிஜமா? வேற எதுவும் இல்லயா?"

அவர் மேலே கேட்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் எட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் கையில் எண்ணெய் டப்பாவோடு பேக்கரிக்காரர்.

"முழங்கால் ஐயா இன்னிக்கு வரார்னு குழுவுல போட்டிருந்தீங்களேம்மா. பாவம், அவரு நாற்காலிக்கு எண்ணெய் போட்டுக் குடுத்துடலாம்னு வந்தோம். நாங்கதான் தினமும் பூப்படம் போடுவோமே, அந்தக் கோஷ்டி."

பின்னால் நின்றவர் தச்சர். யாரையும் கேட்காமல் நேராக உள்ளே போய்க் குளியலறைக் கதவை ஆட்டினார். கிரீச்.

"இதுதான்! நான் சொன்னேனா இல்லையா?" என்று வெற்றியோடு திருப்புளியை எடுத்தார்.

அதிகாரி பேக்கரிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடாமல் குலுக்கினார். "நீங்க நிஜமாவே குழுவுல இருக்கீங்களா? உங்க சொந்தப் பேர்லயா? நேர்லயே வந்துட்டீங்களா?"

"ஆமா சார்" என்றார் பேக்கரிக்காரர், கையை மீட்க வழி தெரியாமல்.

அதிகாரி பையைத் திறந்து ஒப்பந்தத் தாளை எடுத்தார். "வேன் உங்களுக்குத்தாம்மா. முதல் பயணம் இவர் வீட்டுக்கே போகட்டும். மூணு வருஷமா இந்தப் போட்டியில ஒரு சங்கமும் தேறல. இந்த வருஷமும் பரிசு குடுக்கலன்னா எங்க பிரிவையே மூடிடுவாங்க."

"ஆனா அந்தப் பொய்..."

"நான் எதையும் கேக்கல" என்றார் அதிகாரி அவசரமாக. அங்கேயே கையெழுத்துப் போட்டு, கண்ணை மூடி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார்.

ஷெட்டிலிருந்து உருட்டிவந்த பெரிய நாற்காலியைப் பிடித்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரரின் கண் கலங்கியது. நர்ஸம்மாவுக்கு மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. வழியனுப்ப வாசல்வரை வந்தவர், கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்த டிரைவரிடம் தழுதழுத்தார்.

"உங்க சாரு ரொம்ப நல்லவருப்பா. இத்தன பெரிய தப்பச் செஞ்சும் மன்னிச்சிட்டாரே."

"ரெண்டு பேரா நடிச்சதுக்கா இந்த அழுக அழுதீங்க?" என்றார் டிரைவர். "மீதி முந்நூத்திப் பன்னெண்டு பேராவும் நடிச்சது எங்க ஆபீஸும்மா, என் தலையில மட்டும் நாப்பது பேரு!"