மூணுவாட்டியார் வீட்டுப் பஞ்சாங்கம்

உலகத்தில் யாரையும் நம்பாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அவர் எடப்பாடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் இருந்தார். சூரியன் கிழக்கே உதித்துவிட்டது என்று போய்ச் சொன்னால், "அப்படீங்களா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு இன்னும் இரண்டு பேரை விசாரித்துவிட்டுத்தான் கிழக்கே திரும்புவார். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பேர் தெருவில் ஒருவருக்கும் நினைவில்லை. மூணுவாட்டியார் என்றால் ஊருக்கே தெரியும்.

தறிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு தபால் கார்டு வந்தால் மூன்று பேரிடம் தனித்தனியாக, ஒருவர் படிப்பது இன்னொருவர் காதில் விழாதபடி கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லுவார். மூன்றும் ஒத்துப்போனால்தான் கார்டு உண்மை. ஒருமுறை குமாரபாளையத்திலிருந்து அவருடைய சகலை, ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார். தபால்காரர் இரண்டு என்றார். மளிகைக்கடைக்காரர் இரண்டு என்றார். மூன்றாவதாகப் படித்த டீக்கடைக்காரருக்கு அன்றைக்கு என்ன குறும்போ, மூன்று என்றுவிட்டார். மூணுவாட்டியார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குமாரபாளையம் வரை நடந்தே போய்க் குட்டிகளை எண்ணிவிட்டு வந்தார். இரண்டுதான். டீக்கடைக்காரரோடு அவர் அப்புறம் பேசவே இல்லை, டீயும் குடிக்கவில்லை.

நான் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தபோது எனக்குப் பதினேழு வயது. சேலத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று ஒரு கர்வம். வந்த அன்றே மாமியார் என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டு, "உனக்குப் படிக்கத் தெரியும்னு ஒருத்தருகிட்டயும் மூச்சு உட்றாத புள்ள. அப்புறம் ஊருக் கார்டெல்லாம் நம்மூட்டு வாசல்ல வந்து நிக்கும். தார் சுத்தறதுக்கு ஆளிருக்காது" என்று எச்சரித்துவிட்டார். ஊடைநூலைத் தாராகச் சுற்றித் தருவதுதான் தறி வீட்டுப் பெண்களுக்கு நாள் முழுக்க வேலை. அதனால் நானும் தற்குறி போலவே முகத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வந்து ஐந்தாறு நாள் இருக்கும். விளக்கு வைக்கிற நேரம். மூணுவாட்டியார் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு குழந்தையின் குரல் கேட்டது. "நாற்... கால்... ஜீ... வன்... களுக்... குப்... பீ... டை." அழுகையும் இல்லை, விளையாட்டும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மூணுவாட்டியார் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். குழந்தை எங்கும் கண்ணில் படவில்லை. குரல் தரைக்குள்ளிருந்து வந்தது. "அக்... கி... னி... ப... யம்." கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாமியார் சிரித்தார். அது மூணுவாட்டியாரின் மகள் பாவாயி, ஆறு வயது, தாயில்லாப் பிள்ளை, அப்பன் அவளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறான் என்றார். அவருக்கே படிக்கத் தெரியாதே என்றேன். அதெல்லாம் அவனிடம் போய்க் கேள் என்றார்.

எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பதைப் பிற்பாடு நானே பார்த்தேன். அந்த வீட்டில் இருந்த ஒரே அச்சுப் புத்தகம் ஒரு பஞ்சாங்கம். அதில் மாதப் பலன் போட்டிருக்கும் பக்கத்தை வழக்கம்போல மூன்று பேரிடம் படிக்கக் கேட்டு, எழுத்து மாறாமல் மனசில் ஏற்றி வைத்திருந்தார். மாலையில் பாவாயியைத் தறிக்குழியின் மூலையில் இறக்கி நிறுத்துவார். குழி விளிம்பில் பஞ்சாங்கம் விரிந்திருக்கும். நெய்த துணி மறைத்துக்கொள்வதால் வாசலிலிருந்து பார்ப்பவருக்குப் பிள்ளை தெரியாது. அவர் தறியை ஒரு அடி அடித்து ஒரு எழுத்தைச் சொல்லுவார். அவள் விரலை ஒரு எழுத்து நகர்த்தித் திருப்பிச் சொல்லுவாள். புள்ளி வைத்த எழுத்துக்கு அரை அடி. இப்படியே நாலைந்து மாதத்தில் குழந்தை எழுத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமே என்று என் மாமியார் கேட்டதற்கு, வாத்தியார் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை வாத்தியார் கண்ணால்தானே படிக்கும் என்றாராம்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று மாமியார் ஒருநாள் தார் சுற்றிக்கொண்டே சொன்னார். அந்தப் பஞ்சாங்கம் நடப்பு வருஷத்தது அல்ல, பாவாயி பிறந்த வருஷத்தது. மூணுவாட்டியாரின் மனைவிக்கு மல்லசமுத்திரம் தாய்வீடு. பேறுகாலத்துக்கு அங்கே கூட்டிப்போக ஐப்பசியில் ஒரு புதன்கிழமையைக் குறித்து, நாள் எப்படி என்று பஞ்சாங்கக்காரரைக் கேட்டிருக்கிறார். நல்ல நாள், வண்டியைப் பூட்டு என்றார் அவர். சங்ககிரி தாண்டுவதற்குள் வண்டியிலேயே வலி கண்டு, பிள்ளை பிழைத்தது, தாய் போய்விட்டாள். உண்மையிலேயே அது நல்ல நாள்தானா, இல்லை, படிக்கத் தெரியாத பாவத்துக்குக் கெட்ட நாளில் அவளை வண்டியேற்றிக் கொன்றுவிட்டோமா என்பது மனிதரை அன்றிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு நாளின் வரியை மட்டும் அவர் யாரிடமும் காட்டவில்லை. "பொண்டாட்டி செத்தவன்னு பாவம் பாத்து மூணு பேருமே நல்லதாச் சொல்லிப் போடுவாங்க" என்பாராம். அதனால்தான் மகளைத் தயார் செய்தார். பொய் சொல்லத் தெரியாத வயதிலேயே அவளுக்குப் படிக்க வந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நாள் வரிகள் பொடி எழுத்து. அதுவரை அவள் வரவேண்டியிருந்தது.

அதற்குள் தெருவில் வேறு கதை கிளம்பிவிட்டது. "நாற்கால் ஜீவன்களுக்குப் பீடை" என்று தரைக்குள்ளிருந்து குரல் வந்த மூன்றாம் நாள் எதிர்வீட்டு எருமை நுரை தள்ளிச் செத்தது. "அக்கினி பயம்" படித்த வாரத்தில் ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டுச் சோளத்தட்டுப் போர் எரிந்து சாம்பலானது. "கள்வர் பயம்" என்று அவள் எழுத்துக் கூட்டிய மறுநாள் விடியலில் எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவைக் காணோம். அங்கே ஒரு தாளில் அச்சடித்து இருப்பதைத்தான் பிள்ளை படிக்கிறது என்று எங்கள் வீட்டைத் தவிர யாருக்கும் தோன்றவில்லை. ஆறு வயதுப் பெண்பிள்ளை படித்து அந்தத் தெருவில் யாரும் கண்டதில்லை. கருநாக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். தறி ஓடத் தொடங்கினால் மற்ற வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். எல்லாம் தெரிந்த நானும், உண்மையைச் சொல்வதானால், அண்டா போன பிறகு அந்தக் குரல் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஒருநாள் பாவாயி வெளிச்சத்துக்காக வாசலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். பெரியதனக்காரர் அந்த வழியாக வந்தார். எழுபது வயது, வாட்டசாட்டமான ஆள். அவர் நிழல் பஞ்சாங்கத்தின்மேல் விழுந்ததும் குழந்தை தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தபடியே வரியை முடித்தாள். "பெரி... யோர்... ம... ர... ண... ம்."

அவர் நேரே வீட்டுக்குப் போய்க் கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டார். மகன்களைக் கூப்பிட்டு நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். தனக்குப் பிடித்த மாட்டை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார், அதைக் கட்டில்வரை ஓட்டிவந்து காட்டினார்கள். ஐந்து நாள் கஞ்சி மட்டும்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர் அடித்துச் சொன்னார். ஆனால் வைத்தியர் பேச்சு அங்கே எடுபடவில்லை.

வாசலில் பிள்ளை கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்ட தெரு கூடிப் பேசியது. பிள்ளை இனி வாயைத் திறந்து படிக்கக்கூடாது, பஞ்சாங்கத்தை அடுப்பில் போடவேண்டும், இல்லையென்றால் மூணுவாட்டியார் பாவுக்கு யாரும் கை கொடுக்கமாட்டார்கள் என்று தீர்மானம். பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி போட ஆறேழு பேர் வேண்டும். கை கொடுக்க ஆளில்லாத தறிக்காரர் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான்.

அன்று புழக்கடை வேலிக்கு அந்தப் பக்கம் பாவாயி வந்து நின்றாள். "அக்கா, நான் படிச்சதுனாலயா அந்தத் தாத்தா படுத்துக்கிட்டாரு?" என்றாள். இல்லை கண்ணு என்றேன். அவள் நம்பவில்லை, அப்பன் புத்தி. "அந்த எழுத்து வந்தா இனிமே நான் படிக்கமாட்டேன்" என்று, மரணம் என்ற பேரைச் சொல்லாமலே சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மூணுவாட்டியார் இடுப்பில் பிள்ளையும் அக்குளில் பஞ்சாங்கமுமாகப் பெரியதனக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டார். தெருவே பின்னால் போனது. நானும் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் குழந்தையை இறக்கி விட்டு, "ஏனுங்க, எம்புள்ள சொல்லலீங்க. தாளு சொல்லுதுங்க. அவ வாயி வெறும் வாயிங்க" என்றார்.

பெரியதனக்காரர் குழந்தை பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, "அந்த எழுத்தைக் காட்டு சாமி" என்றார். பாவாயி விரல் வைத்துக் காட்டினாள். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மூணுவாட்டியாரும் குனிந்து உற்றுப் பார்த்தார். "இத்துனூண்டுதானா" என்றார் பெரியதனக்காரர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அந்தப் பக்கத்தில் அது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். பாவாயி எண்ணிப் பார்த்து, "ஏழுங்க" என்றாள்.

"எட்டு" என்றது ஒரு குரல். என் குரல்தான். வாய் முந்திக்கொண்டது. மாமியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

"எட்டு எடத்துல போட்டிருந்தா எனக்குன்னு தனியாப் போட்டதில்ல" என்று பெரியதனக்காரர் எழுந்து உட்கார்ந்தார். எந்த வருஷத்துப் பஞ்சாங்கம் என்று கேட்டார். பாவாயி அட்டையைப் பார்த்து "ஆங்... கீ... ர... ச" என்று கூட்டினாள். அவர் விரல்விட்டு எண்ணினார். "அப்படீன்னா நாஞ் செத்து ஆறு வருசமாச்சு" என்றார். கம்பஞ்சோறும் மோரும் கொண்டுவரச் சொல்லி இரண்டு வட்டில் சாப்பிட்டார். அடுத்த பாவுக்கு மூணுவாட்டியார் வீட்டு வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். ஆனால் அந்த எருமையும் போரும் அண்டாவும் எப்படிப் போயின என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அதற்குப் பதில் தெரியாது.

பொங்கல் கழிந்து ஒரு காலை, மூணுவாட்டியார் எங்கள் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். படிக்கத் தெரியும் என்பதுதான் வெட்டவெளிச்சமாகிவிட்டதே, மாமியாரும் போய்த்தொலை என்றுவிட்டார். போனேன். தறி நின்றிருந்தது. அந்த வீட்டில் தறி ஓடாத அமைதியை அன்றுதான் முதலில் கேட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சாங்கம் விரிந்திருந்தது. ஐப்பசி, அந்தப் புதன்கிழமை, அந்த ஒரு வரி மட்டும் படி சாமி என்றார் மகளிடம்.

பாவாயியின் விரல் ஓடியது. திதி படித்தாள், நட்சத்திரம் படித்தாள். அடுத்ததில் விரல் நின்றது. நான் அவள் தலைக்கு மேலாகப் பார்த்தேன். பொடி எழுத்தில் "மரண யோகம்" என்று இருந்தது.

குழந்தை அப்பாவைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு, அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில், "அமிர்... த... யோ... கம்" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒருவாட்டி பாருங்க அம்மணி. நீங்க வெளியூருங்க, எங்கதை உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். குனிந்து பார்ப்பதுபோல் பார்த்து, "அமிர்த யோகம்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வாசலில் வந்து நின்றார். மூன்று பேரும் பஞ்சாங்கமுமாக நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. "ஏனுங்க, நானும் ஒருக்காப் படிக்கோணுமுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க. போதும்" என்றார் மூணுவாட்டியார்.

பஞ்சாங்கத்தை மூடிப் பாவாயியின் கையில் கொடுத்தார். அவள் தலையில் கொஞ்சநேரம் கையை வைத்திருந்தார். குழிக்குள் இறங்கித் தறியை ஓட்டத் தொடங்கினார்.

அவர், சேலைக் கரையில் ஒருமுறை பார்த்த பூவை மறுபடி பார்க்காமலே நெய்கிறவர். பெரியதனக்காரர் கட்டிலருகே குனிந்து அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தவரும் அவர்தான். மகளின் விரல் எதன்மேல் நின்றது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மூணுவாட்டியார் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாயிற்று. தெருவில் அவர் பேச்சு வந்தால் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் அன்றைக்கு எங்கள் இருவருக்காகவும் இரண்டோடு நிறுத்திக்கொண்டாரே, அதற்காக அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.