கற்பூரத்துக்குக் காத்திருந்த கம்ப்யூட்டர்

பத்தாவது வரை படித்தவன் பத்திரிகைக்கு எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘கடலு’வைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால்தான் துணிந்தேன்.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை, கம்ப்யூட்டரைத் தொடாமலே ரிப்பேர் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். மாமல்லபுரத்திலிருந்து மொபெட்டில் வருவார். மணல் உதிரும் பையைக் கீழே வைத்துவிட்டு, கடலைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான். ஒருமுறை அவர் பார்த்து முடிப்பதற்குள் ஒரு கடைக்கு வெள்ளையடித்தே முடித்துவிட்டார்கள். அவர் தோளுக்கும் ஒரு பூச்சு விழுந்தது, அவருக்குத் தெரியாது.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், செங்கல்பட்டு பஸ் நிலையம் அருகே ஒரு டி.டி.பி. கடையில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். லினக்ஸ் போட்ட இரண்டு கம்ப்யூட்டர்கள். முன்னறையில் என்னுடையது. ஃபைல்கள் எல்லாம் உள்ளறையில் இருந்ததில்; வயர் வழியாக என்னுடையது அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒரு மாதமாக, ஃபைல்களை உள்ளே மாற்றியதிலிருந்து, என்னுடையது காலையில் பாதியில் நின்று கால்மணி நேரம் கழித்துத்தான் எழுந்தது. பழி என்மேல்.

“இன்னாய்யா, ஆளும் தூங்குற, மிஷினும் தூங்குது! வர்றவன்லாம் பக்கத்து கடைக்குப் போய்கினு கீறான். மூணு நாள்ல சரியாவலன்னா நீ வூட்லயே தூங்கு” என்றார் முதலாளி.

எனக்குப் பதில் பேச வராது. கடலுவுக்குச் சொல்லியனுப்பினேன்.

இரண்டு நாள் காலையில் வந்து பார்த்தார். திரையில் வரிகள் ஏறி ஏறி வந்து, ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். அவரோடு சேர்ந்து நானும் வேலை போகப்போவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர் திரையைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்த்தார். முதலாளி முன்னறையில் கற்பூரம் காட்டி என் கம்ப்யூட்டரைப் போடுவார். பிறகு வாசல் தெளித்து, படங்களுக்குப் பூ வைத்து, உள்ளறைக்கும் கற்பூரம் காட்டிய பிறகே அங்கிருப்பதைப் போடுவார்.

“மொதலாளி, இது தூங்கல. உள்ள கீற டிஸ்க்கு வரட்டும்னு நின்னுகினு கீது. நீங்க அதுக்கு இன்னும் கற்பூரம் காட்டல.”

“அதுக்கு? சாமி கும்புடுறத மாத்தணுமா?”

“சாமி அப்டியே இருக்கட்டும். நான் இதுகிட்ட சொல்லிக்கிறேன்.”

அன்றுதான் அவர் கீபோர்டைத் தொட்டு நான் பார்த்தது. எந்த டிஸ்க்கை எங்கே சேர்ப்பது என்ற பட்டியலில் ஒரே ஒரு சொல் சேர்த்தார். ‘அது வராவிட்டால் நிற்காதே, நீ எழுந்திரு, வந்ததும் சேர்த்துக்கொள்’ என்று அதற்கு அர்த்தமாம்.

“அவ்ளோதானா?” என்றார் முதலாளி.

“அவ்ளோதான். தம்பி மேல தப்பில்ல. மிஷினாட்டம் இவரும் வாயத் தொறக்காம நின்னாரு, நீங்க திட்டிகினே இருந்தீங்க.”

எனக்காக அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் உடனே எழுந்தது. படாளத்திலிருந்து வந்த ஒருவருக்கு மனு அடித்துக் கொடுத்தேன். கடலு வரவில்லை, வர வேலையும் இல்லை. நான்தான் அவருக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டேன்.