சுத்தம் சாரும் சிவப்பு விளக்கும்

தூத்துக்குடியில் மூச்சு விடுவதற்கே அனுமதி வாங்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது என்றால், அது சுத்தம் சாரின் குடோன்தான். ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை செருப்போடு போய்த் திட்டு வாங்கியவன் நான். சாரின் குடோனில் அந்தத் தைரியம் எனக்கு வந்ததே இல்லை.

அவருடைய நிஜப் பெயர் நாசரேத்தில் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரி ஐயருக்கும் பென்ஷன் ஆபீசுக்கும் மட்டும்தான் தெரியும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், நான் குமாஸ்தா. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் என்றால் மேஜைமேல் வைக்கிற சமாச்சாரம் இல்லை. ஐந்து இரும்பு பீரோக்கள். அது போக, தகவலைச் சேமிக்க வாஷிங் மெஷின் உயரத்தில் ஒரு டிஸ்க் டிரைவ். அதற்குள் பத்துத் தோசைக்கல்லை அடுக்கினாற்போல் தட்டுகள். புதிய கம்ப்யூட்டர்கள் வந்ததும் அத்தனையையும் ஒரு குடோனில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். "நின்னுபோன மிஷின்" என்று யாராவது சொன்னால் சாருக்குக் கோபம் வரும். "லீவுல இருக்கு" என்பார்.

நாங்கள் இருவரும் ரிட்டயர் ஆனபிறகு ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வே, உமக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவன்தான் சொல்லாமக் கொள்ளாமக் கழட்டிப் போடுவான். கிளம்பும்."

இப்படித்தான் நான் கம்ப்யூட்டர் எஞ்சினீயர் ஆனேன்.

குடோனுக்குள் நுழைய விதிமுறைகள் உண்டு. காலைக் கழுவ வேண்டும். தலையில் எண்ணெய் கூடாது. முகத்தில் பவுடர் கூடாது. குளிக்கும்போது பெண்கள் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். டிரைவுக்குள் தகவலைப் படிக்கிற முனைக்கு 'ஹெட்' என்று பெயர். சுற்றுகிற தட்டின்மேல் அது படாமல் மிதக்குமாம். நடுவே உள்ள இடைவெளியில் ஒரு தலைமுடிகூட நுழையாதாம். தூசி ஒன்று மாட்டினால் ஹெட் தட்டில் உரசி இரண்டும் நாசமாகும்.

போதாக்குறைக்கு நம் ஊர்க் கடல் காற்று. வாசலில் தினமும் வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொடியில் போடுவார். அரைமணி நேரம் கழித்து எடுத்து நாக்கால் தொட்டுப் பார்ப்பார். உப்புக் கரித்தால் அன்றைக்கு வேலை கிடையாது. ஒருநாள் நான் வழியில் பேக்கரியில் ஒரு மக்ரூன் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வந்து நின்றேன். என் மீசையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"முந்திரிப் பருப்பு. இடது பக்கம். வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாரும்."

குடோன் சொந்தக்காரரை நாங்கள் அண்ணாச்சி என்போம். தொப்பி போட மறுத்ததால், தன் சொந்தக் குடோனுக்குள்ளேயே நுழைய முடியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வாசலில் நின்று பேசிய ஒரே முதலாளி அவர்.

ஒரு வருஷம் பாடுபட்டு பீரோக்களுக்கு உயிர் வந்தது. டிஸ்க் டிரைவ்தான் வம்பு பண்ணியது. சுவிட்சைப் போட்டால் தட்டுகள் ஊளையிட்டபடி வேகமெடுக்கும். அடுத்து ஹெட்டுகள் வெளியே வர வேண்டும். வராது. சிவப்பு விளக்கு எரியும், மோட்டார் நின்றுவிடும். சார் பெல்ட்டை மாற்றினார். வயரையெல்லாம் மீட்டர் வைத்துச் சோதித்தார். கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவரைக் கூட்டிவந்து போர்டுகளைக் கழற்றிப் பற்றவைத்தார். தீபாவளி போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கலும் போயிற்று. சிவப்பு விளக்கு மட்டும் போகவில்லை.

அப்போதுதான் அண்ணாச்சி வாசலில் வந்து நின்று குண்டைப் போட்டார். "சார், குடோனை வேற ஆளுக்குப் பேசியாச்சு. வெள்ளிக்கிழமை காலி பண்ணணும். ஓடுற மிஷின்னா எடுத்துக்கிடுதோம்னு காலேஜ்காரங்க சொல்லுதாங்க. ஓடலைன்னா இரும்புக்கடை லாரி வருது. நான் என்ன செய்ய?"

சார் அன்றைக்குத் துண்டைக்கூட நக்கிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை அண்ணாச்சி மனசு கேட்காமல் தானாகவே தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். "அப்படி என்னதான் சார் கோளாறு?" என்று கேட்டார். சார் பொறுமையாகச் சொன்னார்.

"தட்டு சுத்துதான்னு பார்க்க அடியில ஒரு கண்ணு இருக்கு அண்ணாச்சி. அது பார்த்துச் சொன்னாத்தான் ஹெட்டு வெளிய வரும். கண்ணோட வயரு, போர்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"கண்ணு எங்கன சார் இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"தட்டை எடுத்தா உள்ள குழி இருக்கும்லா, அதுல. மிளகு சைஸ்ல, ரவுண்டா, கண்ணாடி."

இங்கே ஒரு விஷயத்தை நான் இதுவரை வாசகர்களிடமும் மறைத்திருக்கிறேன். நான் ஆழ்வார்திருநகரிக்காரன். ஆயுத பூஜைக்கு வீட்டில் சைக்கிளிலிருந்து அரிவாள்மணை வரை சந்தனம் வைத்துவிட்டு, நாளெல்லாம் கட்டி மாரடிக்கிற மிஷினுக்கு வைக்காமலிருக்க எனக்கு மனசு வரவில்லை. மறுநாள்தான் டிரைவை முதல் முதலாக ஓட்டுவதாக இருந்தோம். சார் கை கழுவப் போன நேரம் பார்த்து, தட்டுகள் இன்னும் ஏற்றாத டிரைவின் மூடியைத் திறந்தேன். வெளியே வைத்தால் கண்ணில் படும் என்று உள்ளே குழியில், பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் வட்டமாக இருந்த ஓர் இடத்தில் வைத்தேன்.

"சார்... அந்தக் கண்ணுமேல சந்தனம் இருக்கு."

"எவன் வச்சான்?"

"நான்தான் சார். ஆயுத பூஜைக்கு."

அண்ணாச்சி ஓசைப்படாமல் இரண்டடி பின்னால் நகர்ந்தார். சார் தட்டுகளைத் தூக்கி வைத்துவிட்டு, டார்ச் அடித்துக் குழிக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்தையும் சோதிச்சேன் வே. அழுக்கு இருக்கான்னு மட்டும் பார்க்கல. என் குடோனுக்குள்ள அழுக்கு எப்படி வரும்னு ஒரு மண்டைக்கனம்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் தொப்பி குலுங்கச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். சுவிட்சைப் போட்டார். தட்டுகள் ஊளையிட்டன. நாங்கள் மூவரும் அனுமதி கேட்காமலேயே மூச்சை நிறுத்திக்கொண்டோம். 'டக்' என்று ஹெட்டுகள் வெளியே வந்தன. பச்சை விளக்கு! பிரின்டர் கடகடவென்று என்றைக்கோ வந்துபோன கப்பல்களின் பட்டியலை அடித்துத் தள்ளியது. சார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல் ஒவ்வொரு கப்பலின் பெயரையும் கூப்பிட்டார். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் "உள்ளேன் ஐயா" சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலேஜ் லாரி வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் சார் என்னை அழைத்து, டிரைவின் வெளிப்பக்கம் ஒரு மூலையில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டார்.

"சந்தனம் வைக்கணும்னா இதுக்குள்ள வையும். கோட்டைத் தாண்டப்படாது."

வைத்தேன். தாண்டவில்லை.

சார் வாரம் ஒருநாள் பஸ் பிடித்துக் காலேஜுக்குப் போய் அதைப் பார்த்துக்கொள்கிறார். முழங்கால் வலியால் நான் போக முடியாமலே இருந்தது. போன மாதம்தான் போனேன். காலைக் கழுவி, தொப்பி மாட்டி, மூலையைப் பார்த்தேன். பென்சில் வட்டத்துக்குள் சந்தனம் புதிதாக இருந்தது. லேப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் விசாரித்தேன்.

"நம்ம சார்தான் வாராவாரம் வைக்காரு. 'அந்த ஆளுக்கு முட்டு வலி, வர முடியலை, அவரு வார வரைக்கும் விட்டுப்போகப்படாதுலா'ன்னாரு."