கேழ்வரகு மில் மோட்டாரும் ஆறங்குலப் புல்லியும்

மூக்கண்டப்பள்ளி,
புதன் காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கங்கப்பன் அவர்களுக்கு,

மாரிசாமி பணிவுடன் வணங்கி எழுதுவது. இங்கே தங்கள் மகள் பிரியா நலம், லேத் நலம்; நான் நலமா என்பதைப் படித்தபின் தாங்களே முடிவு செய்யவும்.

பிரியாவின் கடைசல் பட்டறை லேத் மோட்டார் எரிந்துபோனதும், தங்கள் சூளகிரி கேழ்வரகு மில்லையே நிறுத்திவிட்டுத் தாங்கள் கழற்றி அனுப்பிய மோட்டார் வந்து சேர்ந்தது. பழையது நிமிடத்துக்கு 1440 சுற்று, தங்களுடையது 2880. நாளை மதியத்துக்குள் நாற்பது பித்தளை புஷ் வளையங்கள் கடைந்து கொடுக்காவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். "கணக்கு வாத்தியார வூட்ல வெச்சிக்கினு நான் யாரக் கேக்கறது மாமா? மோட்டார்ல பெல்ட்டு மாட்ற புல்லி அளவு மட்டும் போட்டுக் குடுங்க, வாங்கியாந்துடறேன்" என்றாள் பிரியா. மூன்று தாள்களில் போட்டேன். வேகம் இரட்டிப்பு, ஆகவே மோட்டாரின் மூன்றங்குலப் புல்லியும் இரட்டிப்பு: ஆறு. பாதியாக்க வேண்டியதை இரட்டிப்பாக்கியது, நான்கு முறை சரிபார்த்தும் என் கண்ணில் படவில்லை. பெருக்கல் சரியாகவே இருந்தது. 480 சுற்றில் ஓட வேண்டிய லேத் 1920 சுற்றில் ஓடியது.

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் விசிறியிலிருந்து தங்கள் கேழ்வரகு மாவு முழுவதும் என் முகத்துக்கு வந்தது. துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், பித்தளையைக் கவ்விச் சுழற்றும் சக்கின் மூன்று தாடைகளையும் காணோம்! வெள்ளித் தட்டு ஒன்று அசையாமல் நிற்கிறது. சம்பந்தி, எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் வட்டம் வரைந்தவன், உண்மையான வட்டத்தை இன்றுதான் பார்த்தேன். நின்றுவிட்டதோ என்று விரலை நீட்டினேன்.

பிரியா என் கையைத் தட்டிவிட்டாள். "பத்து வெரலும் வேணுமா வேணாமா? எங்கப்பா குடுத்தது மோட்டாரா, ஏரோப்ளேனா?"

உளியை வைத்தாள். பித்தளை பொன்தூளாகப் பறந்தது. அண்ணாந்து பார்த்ததில் கொஞ்சம் விழுங்கியும் விட்டேன். மறுநொடி உளியின் முனை மழுங்கிவிட்டது.

பிழை முற்றிலும் என்னுடையது. தயவுசெய்து ஆளனுப்பி மோட்டாரை எடுத்துக்கொண்டு மில்லை ஓட்டுங்கள். எடுத்துக்கொள்ளச் சொன்னதைப் பிரியாவிடம் சொல்லத் தைரியமில்லை. அவள் பெட்டியில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் குடும்பம் தழைக்க வேண்டுகிறேன்.

தங்கள்,
மாரிசாமி

பி.கு.: வியாழன் மாலை. ஆளனுப்ப வேண்டாம். பிரியா தேடியது, அந்த வேகத்துக்கும் மழுங்காத கார்பைடு உளிமுனை. அதை மாட்டி அதே வேகத்தில் நாற்பதையும் கடைந்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் முகம் பார்க்கலாம். கம்பெனிக்காரர், "இந்த வேகத்தக் கணக்குப் போட்டது யாருங்க?" என்று கேட்டு, இன்னும் ஐந்நூறு புஷ்ஷுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். மோட்டார் இனி திரும்பாது என்கிறாள். மில்லுக்குத் தாங்கள் வேறு வாங்கிக்கொள்ளவும். புல்லி அளவை மட்டும் அவளிடம் கேளுங்கள்.