ரேடியேட்டர் இல்லாமல் எடுத்த அளவு

மதிப்புக்குரிய டெல்பர்ட் மாமாவுக்கு,

பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து கோரா எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் உங்கள் நாயின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம், வண்டியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

எஞ்சின் இல்லாத அந்த 1932 ஃபோர்டைத் தந்தபோது இரண்டே நிபந்தனை வைத்தீர்கள். செப்டம்பரில் வரும் தொழிலாளர் தினத்துக்குள் அது தானே ஓடி உங்கள் வாசலுக்கு வர வேண்டும், இல்லையேல் என் தம்பி க்ளின்ட்டுக்குப் போய்விடும். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள இரும்புத் தடுப்பை வெட்டவே கூடாது. அதில்தான் வெர்னா அத்தை வெள்ளைப் பெயின்டில், ‘இதை வெட்டுபவருக்கு என் வீட்டில் சாப்பாடு கிடையாது’ என்று எழுதியிருக்கிறார். அத்தை போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகியும் உத்தரவு அமலில் இருக்கிறது.

வெட்டாமல் பெரிய எஞ்சின் உள்ளே போகாது. ஆகவே சிறியதாக ஒன்றைத் தேடினேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம், நான் பதினோரு புத்தகங்கள் படித்தேன். சனிக்கிழமை காலை டோனட் கடை வாசலில் பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் பானெட்டைத் திறந்து வைத்துப் பெருமையடிக்கும்போது, எல்லோரும் எட்டு சிலிண்டர் மாட்டும் இந்த வண்டிக்கு ஆறு சிலிண்டரே போதும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “ஏம்மா, தையல் மெஷினயா மாட்டப் போற? அந்த வண்டி அழுதுடும்மா!” என்றார் அந்தக் கூட்டத்தின் பெரியவர் ஹோய்ட். சிரிப்பு அடங்குமுன் வீட்டுக்கு வந்து, வீம்புக்கு அட்டையில் ஒரு எஞ்சின் செய்து, உள்ளே இறக்கிப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அதே அளவில் ஆறு சிலிண்டர் எஞ்சின் வாங்கி, சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கி, நானே எனக்குக் கைதட்டியும் கொண்டேன். மறுநாள்தான் பழுதுபார்க்கப் போயிருந்த ரேடியேட்டர் திரும்பி வந்தது. அது இல்லாத நேரத்தில் அளவெடுத்திருக்கிறேன், மாமா. இப்போது எஞ்சின் விசிறி போய் ரேடியேட்டரில் முட்டுகிறது. மூன்று விரல் அகலத்துக்கு இடம் குறைகிறது. “தடுப்ப வெட்டி எஞ்சினப் பின்னால தள்ளு, யாரு பாக்கப் போறா?” என்றார் ஹோய்ட். ரம்பத்தைக்கூட எடுத்தேன். அத்தையின் எழுத்தைப் பார்த்ததும் பசித்தது, வைத்துவிட்டேன்.

தோற்றேன். பக்கத்துப் பட்டறை டார்லீனின் ட்ரெய்லரில் வண்டியை க்ளின்ட்டுக்கே அனுப்புகிறேன். அவன் யோசிக்காமல் வெட்டுவான். அத்தை எழுதியிருக்கும் பகுதியை மட்டும் அவனிடமிருந்து எனக்கு வாங்கித் தாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாய்க்கு என் தூரத்து அன்பு.

இப்படிக்கு,
அதிகம் படித்த கோரா

பி.கு.: ட்ரெய்லரோடு வந்த டார்லீன் உள்ளே எட்டிப் பார்த்தாள். “அந்த விசிறியக் கழட்டி எறி, புள்ள! ரேடியேட்டருக்கு முன்னாடி இடம் சும்மாதான கெடக்கு? அங்க ஒரு எலக்ட்ரிக் ஃபேன மாட்டு. இத ஒரு வார்த்த கேக்க ஏழு மாசமா உனக்கு?” மதியத்துக்குள் மாட்டிவிட்டோம். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடிதத்தை நானே கொண்டு வருகிறேன். இப்போது வாசலில் கேட்கும் சத்தம் நான்தான். அணைத்தால் மறுபடி கிளம்புமா என்று தெரியாததால் எஞ்சினை ஓடவிட்டிருக்கிறேன். நாயைக் கட்டிவிட்டுச் சீக்கிரம் வெளியே வாருங்கள்.