டவுட் பாய் பிடுங்கிய பிளக்

சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்பதையே வெறும் கேள்விப்பட்ட செய்தியாக வைத்திருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, டவுட் பாய்தான்.

கடல் கடந்து வந்து சான் ரமோன் என்ற ஊரில் நான் வேலை பார்த்த ஆபீஸில், நாங்கள் எழுதும் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கும் டெஸ்டிங் வேலை அவருக்கு. ஊர் அதிராம்பட்டினம் பக்கம். நீளமாக, அழகாக ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பச்சை விளக்கு எரிந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காரை நகர்த்துவார். பின்னால் ஹாரன் அலறும். இருபது பவுண்டு அரிசி மூட்டை வாங்கினால், அதைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறுவார். அப்புறம் மூட்டை இல்லாமல் ஏறுவார். கழித்துப் பார்ப்பார். பிறகு மெஷின் மேலேயே சந்தேகம் வந்து, எங்கள் வீட்டு மெஷினை இரவல் கேட்டு வந்து நிற்பார்.

"எங்க கல்யாணத்துல நான் சம்மதம்னு கையெழுத்துப் போட்டப்புறமும், ஆள் அனுப்பி 'நெஜமாத்தானா'ன்னு கேட்டவரு இவரு" என்று அவர் மனைவி ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் போட்டு உடைத்தார். பாய் மறுக்கவில்லை. "கேக்கறதுல என்னம்மா தப்பு?" என்றார்.

"ஏன் பாய் இப்படி இருக்கீங்க?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"ஏர்போர்ட்டுக்குப் போனா என்னை மட்டும் ஓரமா நிக்க வெச்சு சந்தேகப்படுறாங்க. பதிலுக்கு நான் யாரைப் போய் சந்தேகப்படறது? இந்த சாஃப்ட்வேர்தான் கிடைச்சுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

2007-இல் எனக்கு ஒரு சோதனை வந்தது. எங்கள் புரோகிராம் டேட்டாபேஸோடு பேசுவதற்கு ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை நம்பியிருந்தோம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுக்கும் புரோகிராம் தொகுப்பு அது. ("சும்மா எவன்மா குடுப்பான்?" என்பது பாயின் நிரந்தரக் கேள்வி.) அதற்கு இரண்டு டேட்டாபேஸ்தான் தெரியும். பக்கத்து ஊரான பிளசன்டனில் இருந்த எங்கள் கிளையண்ட் மூன்றாவதாக ஒன்றை வாங்கித் தொலைத்தார்கள். அதையும் லைப்ரரிக்குப் பழக்கிவிடும் வேலை என் தலையில் விழுந்தது. அடுத்த மாதக் கடைசிக்குள் அது பொதுப் பதிப்பில் சேர வேண்டும் என்று கிளையண்ட் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சேராவிட்டால் புராஜெக்ட் இல்லை. புராஜெக்ட் இல்லையென்றால் எனக்கு விசா இல்லை. என் விசாவைத் தொற்றிக்கொண்டு வந்து, வேலைக்குப் போக அனுமதியில்லாமல் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த என் கணவருக்கும் இல்லை. இரண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மூன்று வாரம் முட்டி மோதி எழுதினேன். பாய் தினமும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, ஒரு குட்டி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போவார். என்ன என்று கேட்டால் நோட்டை மூடிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நோட்ஸ் எடுக்குறாருங்க. கடைசில தன் பேரையும் சேர்த்துப் போட்டுக்கப் போறாரு" என்று வீட்டில் புலம்பினேன்.

"எழுந்து போறப்பல்லாம் ஸ்கிரீனை லாக் பண்ணிட்டுப் போ" என்றார் கணவர், கரண்டியும் கையுமாக.

ஒருவழியாக அந்த நாள் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட். முதல் ஓட்டத்திலேயே அத்தனையும் பாஸ்! மறுநாள் கணவர் கேசரி கிளறிக் கொடுத்தார். ஆபீஸே சாப்பிட்டது. பாய் மட்டும் தொடவில்லை.

"முதல் தடவையே எல்லாம் பாஸா? இருக்காதேம்மா."

"பொறாமையா பாய்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

அவர் கேசரி டப்பாவைத் தள்ளி வைத்தார். மூலையில் புது டேட்டாபேஸ் இருந்த மெஷினிடம் போனார். குனிந்தார். பிளக்கைப் பிடுங்கினார்.

"இப்ப ஓட்டு."

ஓட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டும் பாஸ்.

"செத்துக் கெடக்குற மெஷின் எப்படிம்மா பதில் சொல்லுது?"

செட்டிங் ஃபைலைத் திறந்து பார்த்தேன். செட்டிங்கில் ஒரு வரி எழுத மறந்திருந்தேன். புது டேட்டாபேஸின் பெயரைக் காணாத லைப்ரரி, மூச்சு விடாமல் என் கம்ப்யூட்டரிலேயே இருந்த பழைய டேட்டாபேஸை வைத்து எல்லாவற்றையும் ஓட்டியிருக்கிறது. நான் எழுதியதில் ஒரு வரி கூட சோதிக்கப்படவே இல்லை. பிளக்கை மாட்டி, விட்ட வரியை எழுதி, மறுபடி ஓட்டினேன். நூற்று எழுபத்து மூன்று ஃபெயில். ரெஸ்ட்ரூமுக்குப் போய் அழுதேன்.

திரும்பி வந்தால் பாய் என் மேஜையில் உட்கார்ந்து, டப்பாவை வழித்துக் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பத்தாம்மா நம்பிக்கை வந்துச்சு. ஃபெயில் ஆகுதுன்னா நெஜமாவே ஓடுதுன்னு அர்த்தம்."

அந்த நோட்டையும் என்னிடம் கொடுத்தார். பக்கம் பக்கமாகச் சந்தேகங்கள். 'பாதியில் கனெக்‌ஷன் போனால்?' 'ஒரே வரியை இரண்டு பேர் மாற்றினால்?' அத்தனையும் எனக்காக எழுதியது. என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

பத்து நாள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கடைசியாக ஒரு டெஸ்ட் தானே எழுதினார். அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் சேர்த்துத் தன் முழுப்பெயரை டேட்டாபேஸுக்குள் அனுப்பி, திரும்ப எடுப்பது. பாதிதான் வந்தது.

"இந்த ஊர்ல எந்த ஃபாரத்துலயும் என் பேரு முழுசா நுழைஞ்சதில்ல. இங்கயாச்சும் முழுசா போய் முழுசா வரட்டும்."

அதையும் சரிசெய்தேன். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது லைப்ரரிக்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் பெட்டியைக் கட்டவில்லை.

எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் போடுகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினேன். "வேணாம்மா. நாளைக்கு உடைஞ்சா என்னைத் தேடி வருவாங்க" என்றுவிட்டார். அடுத்த வருஷம் ரவுண்ட் ராக் என்ற ஊரில் வேலை கிடைத்துப் போனார். போகும்போதும் எங்கள் எடை மெஷினைத் திருப்பித் தரவில்லை.

அவர் எழுதிய அந்த டெஸ்டை மட்டும் நான் லைப்ரரியிலிருந்து நீக்கவில்லை. உலகத்தில் யார் அந்த லைப்ரரியைச் சோதித்தாலும் ஓர் அதிராம்பட்டினத்துக்காரரின் பெயர் முழுசாக உள்ளே போய் முழுசாக வெளியே வருகிறது. ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அது இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன். போன மாதமும் பார்த்தேன், இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறையும் பார்த்துக்கொண்டேன்.